டான் டோக் செங்கும் ஏழைகளின் மருத்துவமனையும்

தேக்காவில் தொடங்கி, சிராங்கூன் சாலை வழியே வீரமாகாளியம்மன் கோயிலையும் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலையும் கடந்து நடந்தால், பாலஸ்டியர் சாலை வந்து சேரும் இடத்தை அடையலாம். ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு மருத்துவமனை இருந்தது. கையில் காசில்லாதவர்களும் கவனிக்க ஆளில்லாதவர்களும் அங்கே சிகிச்சை பெற்றார்கள். அதே காலத்தில், தேக்காவை ஒட்டிய கண்டாங் கர்பாவ் பகுதியில் மனநோயாளிகளுக்கான காப்பகமும் இயங்கியது. ஏழைகளின் மருத்துவமனைக்கு ஒரு காய்கறி வியாபாரியின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அவர்தான் டான் டோக் செங்.

அவர் 1798-இல் மலாக்காவில் பிறந்தார். தந்தை சீனாவிலிருந்து வந்த ஹொக்கியன் இனத்தவர். தாய் மலாக்காவிலேயே வேரூன்றிய பெரனாக்கான் மரபைச் சேர்ந்தவர். 1819-இல் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் துறைமுகம் அமைத்தபோது டோக் செங்கிற்கு வயது இருபத்தொன்று. அந்த ஆண்டே அவர் இங்கு வந்துவிட்டார். முதலீடு என்று சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. நகருக்கு வெளியே இருந்த தோட்டங்களில் காய்கறி, பழம், கோழி ஆகியவற்றை வாங்கி வந்து நகருக்குள் விற்றார். சிக்கனமாக வாழ்ந்து சேமித்த பணத்தைக் கொண்டு 1827-இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ஒரு கடை திறந்தார். பின்னர் வைட்ஹெட் என்னும் ஆங்கிலேய வணிகருடன் கூட்டுச் சேர்ந்தார். வணிகமும் நிலங்களில் போட்ட பணமும் பெருகின. சில ஆண்டுகளில் நகரின் பெரும் செல்வர்களுள் அவரும் ஒருவரானார்.

அவருடைய செல்வத்தோடு சேர்ந்து நகரும் வளர்ந்தது. ஆனால், நகரின் வறுமையும் கூடவே வளர்ந்தது. அந்நாளில் சிங்கப்பூருக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். தென்சீனாவிலிருந்தும் நாகப்பட்டினம் போன்ற தமிழகத் துறைமுகங்களிலிருந்தும் கப்பலேறி வந்த அவர்களுக்கு இங்கே பெற்றோரும் இல்லை, உடன்பிறந்தோரும் இல்லை. உடல்நலம் கெட்டால் வேலை போய்விடும். வேலை போனால் தங்க இடமும் போய்விடும். ஆறாத புண்களோடு தெருவோரத்தில் கையேந்தி, அங்கேயே இறந்தவர்கள் பலர். தொடக்கத்தில் பன்றி இறைச்சி விற்பனையிலிருந்து அரசாங்கம் பெற்ற வருமானம் இத்தகைய ஏழைகளின் பராமரிப்புக்குச் செலவிடப்பட்டது. 1837-இல் அந்த வரி நீக்கப்பட்டது. பணம் வரும் வழி அடைபட்டதும் பராமரிப்பும் தடுமாறியது.

மனநோயால் பாதிக்கப்பட்ட ஏழைகளின் நிலை இதைவிடக் கொடியது. அவர்களைப் பராமரிக்கத் தனி இடம் இல்லாததால் சிறையில் அடைத்து வைத்தார்கள். குற்றம் எதுவும் செய்யாதவர்கள், நோயுற்ற ஒரே காரணத்துக்காகக் கைதிகளோடு இருந்தார்கள். 1840-இல் அவ்வாறு அடைக்கப்பட்டிருந்த ஒருவர் மற்றொருவரைக் கொன்றுவிட்டார். அதன் பிறகுதான் ஆளுநர் பான்ஹம் விழித்துக்கொண்டார். மறு ஆண்டே, பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் இடத்தில் 30 படுக்கைகள் கொண்ட மனநோய் மருத்துவமனை எழுந்தது. அச்சம் ஏற்பட்டபோது அரசாங்கத்தின் கை தாராளமாகத்தான் இருந்தது. தெருவோரத்தில் ஓசையின்றி இறந்துகொண்டிருந்த ஏழைகளால் யாருக்கும் அச்சம் ஏற்படவில்லை.

அவர்களை டோக் செங் கவனித்துக்கொண்டிருந்தார். சீனச் சமூகத்தில் எழும் சச்சரவுகளைத் தீர்த்து வைப்பவராகவும், தெலுக் ஆயர் தெருவில் தியன் ஹொக் கெங் கோயில் எழுவதற்கு முன்னின்று உழைத்தவராகவும் அவர் மதிக்கப்பட்டார். 1844-இல் ஆளுநர் பட்டர்வொர்த் அவரைச் சமாதான நீதிபதியாக நியமித்தார். அந்தப் பதவியைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. இந்தப் பெருமைகளைவிட முக்கியமான ஒன்று உண்டு: ஆதரவின்றி இறந்த சீனர்களின் அடக்கச் செலவை அவர் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார். எத்தனை பேர் கவனிப்பாரின்றி இறக்கிறார்கள் என்பது, சவப்பெட்டிக்குப் பணம் கொடுப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. இறந்த பிறகு செய்யும் உதவி போதாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதே ஆண்டில், ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை கட்டுவதற்காகப் பல ஆயிரம் வெள்ளியை அளிக்க முன்வந்தார். பேர்ல்ஸ் குன்றின் மீது கட்டடப் பணி தொடங்கியது.

சிக்கல் இங்கேதான் எழுந்தது. கட்டடத்தைத் தாம் கொடுத்தால், அதை நடத்தும் செலவை அரசாங்கம் ஏற்கும் என்பது டோக் செங்கின் எதிர்பார்ப்பு. சிங்கப்பூரை அப்போது ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. முக்கியமான செலவு எதுவானாலும் அதற்கு அனுமதி கப்பல் வழியே கல்கத்தாவிலிருந்து வரவேண்டும். கம்பெனி அரசாங்கம் முழுச் சுமையையும் ஏற்க முன்வரவில்லை. பொதுமக்களின் நன்கொடையையே நம்ப வேண்டியிருந்தது. கட்டடம் என்பது ஒருமுறை செய்யும் செலவு. ஆனால், நோயாளிக்கு நாள்தோறும் சோறு வேண்டும். புண்ணுக்கு மருந்தும் துணியும் வேண்டும். பணியாளருக்கு மாதந்தோறும் சம்பளம் வேண்டும். அடிக்கல்லில் பெயர் பொறிக்கப்படுவதற்காகப் பணம் தருவோர் எக்காலத்திலும் உண்டு. அரிசிக்கும் சம்பளத்துக்கும் ஆண்டுதோறும் பணம் தருவோர் குறைவு.

1847-இல் கட்டடம் முடிந்தது. ஆனால், நோயாளிகளை அங்கே சேர்க்க 1849 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1850 பிப்ரவரி 24-ஆம் நாள் டோக் செங் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தாம் எழுப்பிய மருத்துவமனை உண்மையில் இயங்குவதை அவர் ஓராண்டு அளவுக்கே பார்த்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். மகன் டான் கிம் செங் மருத்துவமனையை விரிவாக்கப் பணம் கொடுத்தார். மனைவி லீ சியோ நியோ பெண் நோயாளிகளுக்கான பிரிவு அமையப் பொருளுதவி செய்தார். அரபு வணிகரான சையது அலி பின் முகம்மது அல்ஜுனிட் விக்டோரியா தெருப் பகுதியில் இருந்த தம் நிலத்தை மருத்துவமனைக்கென வழங்கினார். ஒரு சீனர் தொடங்கிய பணிக்கு ஒரு முஸ்லிம் செல்வர் நிலம் தந்தது அந்த நாளைய சிங்கப்பூரின் சிறப்பு. அத்துடன், நிலம் என்பது ஒரே நாளில் செலவாகித் தீர்ந்துபோகும் பணம் அல்ல. அதிலிருந்து ஆண்டுதோறும் வருமானம் வரும். டோக் செங் எதிர்கொண்ட சிக்கலுக்கு இத்தகைய கொடையே பொருத்தமானது.

அந்தச் சிக்கல் இன்னும் தீர்ந்துவிடவில்லை. குறிப்பாக, ஏழை நாடுகளின் மனநல மருத்துவத்தில் அது இன்றும் கடுமையாக உள்ளது. மனநோய்க்குப் பெரிய இயந்திரங்கள் தேவைப்படுவது அரிது. தேவைப்படுபவர்கள் மனிதர்களே: மருத்துவர், தாதியர், நோயாளியின் வீட்டுக்குச் சென்று பார்க்கும் பணியாளர். சிகிச்சையும் மாதக்கணக்கில், சில நேரங்களில் ஆண்டுக்கணக்கில் நீளும். ஆகவே செலவின் பெரும்பகுதி சம்பளமாகவும் மருந்தாகவும் தொடர்ந்து வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அரசாங்கங்கள் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் மனநலத்துக்குக் கிடைப்பது சராசரியாக 2 விழுக்காடு அளவுதான்.

1860-களின் தொடக்கத்தில் டோக் செங்கின் மருத்துவமனை பேர்ல்ஸ் குன்றிலிருந்து சிராங்கூன் சாலைக்கு இடம் மாறியது. அதே காலத்தில் பிராஸ் பாசாவில் இருந்த மனநோய்க் காப்பகமும் கண்டாங் கர்பாவுக்கு வந்தது. மாட்டுக் கொட்டில்களுக்குப் பெயர்போன அந்த வட்டாரத்தில், நகரம் தன் பார்வையிலிருந்து விலக்கி வைக்க விரும்பிய இருவகை நோயாளிகளும் அருகருகே வாழ்ந்தார்கள். பிறகு இரண்டும் தனித்தனி வழியில் சென்றன. காப்பகம் 1887-இல் சிப்பாய் லைன்ஸ் பகுதிக்கும், 1928-இல் இயோ சூ காங் சாலைக்கும் மாறியது. 1951-இல் உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்று பெயர் பெற்ற அதுவே இன்றைய மனநலக் கழகம். டான் டோக் செங் மருத்துவமனை 1909-இல் மோல்மின் சாலைக்குச் சென்றது. ஏழைகளுக்கு மட்டும் என்றிருந்த அது, இன்று எல்லாரும் செல்லும் பெரிய மருத்துவமனையாக விளங்குகிறது.

டோக் செங்கின் கல்லறை அவுட்ரம் சாலையை ஒட்டிய ஒரு சிறு குன்றின் சரிவில் இருக்கிறது. 1887-இல் காப்பகம் இடம் மாறிய சிப்பாய் லைன்ஸ் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை.