மஸ்தான்: வைத்த பெயரா, வந்த பெயரா?

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பெயர் சூட்டப் போகிற வீடுகளில், பிள்ளைக்கு மஸ்தான் என்று வைக்கலாமா என நம்மிடம் கேட்கிறார்கள். குணங்குடி மஸ்தான் சாஹிபு (ரஹ்) அவர்களுக்கே பெற்றோர் அப்படி வைக்கவில்லை. அன்னாரின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். சுல்தான் என்றால் அரசர். அப்துல் காதிர் என்றால் ஆற்றலுடைய அல்லாஹ்வின் அடிமை. அரசரும் அடிமையும் ஒரே பெயருக்குள்! பாக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் ஆண்டகை அவர்களின் நினைவாக நம் வீடுகளில் தலைமுறைதோறும் சூட்டப்படும் பெயர் அது.

ராமநாதபுரம் சீமையில், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்தார்கள். கீழக்கரையில் மார்க்கக் கல்வி கற்றார்கள். மாமன் மகளை மணமுடிக்கப் பெரியவர்கள் முனைந்தபோது மறுத்துத் துறவு பூண்டார்கள். காடு மலையெல்லாம் சுற்றி, கடைசியில் வடசென்னை ராயபுரத்தில் தங்கினார்கள்.

பார்சியில் மஸ்த் என்றால் போதை. இறைக்காதலில் தன்னை மறந்து திரிந்தவரை மக்கள் மஸ்தான் என்றார்கள். மது வாடையே இல்லாத போதை இது. வாழ்ந்து பெற்ற பட்டம். தொட்டில் பிள்ளைக்கு அப்துல் காதிரே போதும் என்பது நம் கருத்து. பிறந்த ஊரும் முன்னால் ஒட்டிக்கொள்ள, பெற்றோர் வைத்த பெயர் மறைந்தே போனது. சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடியதும் குணங்குடியார் மீதுதான்.

தொண்டியார் என்றும் அழைத்தார்கள்; அதிலிருந்தே தண்டையார்பேட்டை வந்தது என்பார்கள். கேட்க இனிக்கிறது, ஆனால் காலம் ஒத்துவரவில்லை. 1693-லேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த கிராமங்களில் தண்டையார்பேட்டையும் ஒன்று. அன்னார் வஃபாத்தானது 1838-ல்.