சென்னைக்குப் போகாமலே சினிமா எடுத்த சேலம்: யார் இந்த டி.ஆர்.சுந்தரம்?

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் சாலையில் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கும். 'மாடர்ன் தியேட்டர்ஸ்' ஸ்டுடியோவில் இன்று மிச்சம் இருக்கும் அடையாளம் அது. இங்கிருந்து 100-க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. இதைக் கட்டி எழுப்பியவர் டி.ஆர்.சுந்தரம்.

லீட்ஸில் படித்த நெசவு

இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டில் 1907-ல் பிறந்தவர் சுந்தரம். ஜவுளித் தொழில் குடும்பம். இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். ஆனால் ஊர் திரும்பியதும் மில் பக்கம் போகாமல் சினிமாவுக்கு வந்துவிட்டார்.

அப்போது தமிழ்ப் படம் எடுக்க பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஓட வேண்டும். பயணச் செலவே முதலாளியைச் சாய்த்துவிடும். இதற்கு சுந்தரம் கண்ட தீர்வுதான் சேலத்திலேயே ஒரு ஸ்டுடியோ.

ஹாலிவுட் முறை, சேலம் பாணி

படப்பிடிப்பு, ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். கலைஞர்களுக்கு மாதச் சம்பளம். நேரம் தவறக் கூடாது. இது ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் முறை.

ஆனால் அதை அவர் அப்படியே காப்பி அடிக்கவில்லை. ஜெர்மன் ஒளிப்பதிவாளர்களை வரவழைத்தார், நம்ம ஊர் ஆட்கள் பக்கத்தில் இருந்தே வேலை கற்றார்கள். தமிழ்ச் சந்தை மட்டும் போதாது என்று பிற மொழிகளிலும் படம் எடுத்தார். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்புதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படமும் அப்படியே.

இயக்குநர் போனார், படம் நிற்கவில்லை

இந்த முறைக்குப் பெரிய சோதனை 1950-ல் வந்தது. மு.கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர் நடிப்பு, 'மந்திரி குமாரி'. படம் முடியும் முன்பே இயக்குநர் எல்லிஸ் ஆர்.டங்கன் அமெரிக்கா கிளம்பிவிட்டார். வேறு கம்பெனி என்றால் படம் பெட்டிக்குள் போயிருக்கும். இங்கே சுந்தரமே மீதியை இயக்கி முடித்தார். படம் வெற்றி. ஒரு ஆள் போனால் வேலை நிற்கக் கூடாது என்பதுதான் அவர் கற்ற பாடம்.

அப்புறம் என்ன ஆச்சு?

1963-ல் சுந்தரம் மறைந்தார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்றார். ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்' (1966) போன்ற துப்பறியும் படங்கள் வந்தன. ஆனால் காலம் மாறியிருந்தது. நட்சத்திரங்கள் மாதச் சம்பளத்துக்குக் கட்டுப்படும் நிலையில் இல்லை. சினிமா முழுக்கச் சென்னையில் குவிந்தது. படப்பிடிப்பும் ஸ்டுடியோவை விட்டு வெளியே போனது. கடைசியில் மாடர்ன் தியேட்டர்ஸும் மூடப்பட்டது.

வெளியில் இருந்து எடுத்த முறையை சுந்தரம் தன் ஊருக்கு ஏற்ப மாற்றினார், அதனால் ஜெயித்தார். சுற்றிலும் சினிமாவே மாறியபோது, அந்த முறையை இன்னொரு முறை மாற்றி அமைக்க அவர் இல்லை.