டியூடொன்னே செய்வ்

டியூடொன்னே ஜோசப் செய்வ் (மே 23, 1888 – அக்டோபர் 12, 1970) பெல்ஜியம் நாட்டுத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். ஃபால் எனப்படும் தானே ஏற்றும் துப்பாக்கியை உருவாக்கியவர் இவரே. இந்தியப் படைகளில் எஸ்.எல்.ஆர். என்று வழங்கிய 7.62 மி.மீ. துப்பாக்கி அதன் வழிவந்தது. தமிழகக் கல்லூரிகளில் தேசிய மாணவர் படைப் பயிற்சியின்போது அதைக் கழற்றிப் பூட்டியவர்கள் பலர் உண்டு. வடிவமைத்தவரின் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

தொடக்க காலம்

செய்வ் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள வாந்தர் என்னும் ஊரில் பிறந்தார். துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற பகுதி அது. எர்ஸ்டாலில் உள்ள எஃப்.என். தொழிற்சாலையில் இளமையிலேயே பணியில் சேர்ந்து, அங்கு வந்து பணியாற்றிய அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்கின் உதவியாளரானார்.

தோட்டாக்களை இரு வரிசையாக அடுக்கும் மேகசினைச் செய்வ் உருவாக்கினார். 1926 நவம்பரில் பிரௌனிங் லியேஜில் காலமானார். அவர் தொடங்கியிருந்த கைத்துப்பாக்கியைச் செய்வ் பல மாற்றங்களுடன் நிறைவு செய்தார். 13 தோட்டாக்கள் கொள்ளும் அது 1935இல் வெளிவந்தது. இன்றும் பிரௌனிங்கின் பெயராலேயே அறியப்படுகிறது. இந்தியாவில் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை தயாரித்த 9 மி.மீ. கைத்துப்பாக்கியும் இதே வடிவம்தான்.

தானே ஏற்றும் துப்பாக்கி

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலை போன்ற இடங்களில் புழங்கிவந்த நாட்டுத் துப்பாக்கியில், குழலின் வாய்வழியாக மருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காவல்துறையினர் நெடுங்காலம் வைத்திருந்த .303 துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டும். தானே ஏற்றும் துப்பாக்கியிலோ வெடிப்பில் எழும் வாயுவில் ஒரு பகுதி குழலிலுள்ள சிறு துளை வழியாக வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. போல்ட் பின்சென்று வெற்றுக் கூட்டை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு தோட்டா மட்டுமே வெடிக்கும்.

இத்தகைய துப்பாக்கி ஒன்றைச் செய்வ் 1930களிலேயே வடிவமைக்கத் தொடங்கினார். 1940 மே மாதம் செருமானியப் படைகள் பெல்ஜியத்தைக் கைப்பற்றியதால் அப்பணி நின்றது. செய்வ் தாய்நாட்டிலிருந்து தப்பி இங்கிலாந்து சென்று, அங்கே தம் ஆய்வைத் தொடர்ந்தார். போருக்குப் பின் அது எஃப்.என். 49 என்ற பெயரில் வெளிவந்தது. எகிப்து, அர்கெந்தீனா, வெனிசுவேலா முதலிய நாடுகள் அதை வாங்கின.

அடுத்து எர்னஸ்ட் வெர்வியே என்பவருடன் இணைந்து ஃபால் துப்பாக்கியை உருவாக்கினார். முதல் மாதிரிகள் சிறிய தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்டவை. நேட்டோ நாடுகள் 7.62 மி.மீ. தோட்டாவை ஏற்றபோது துப்பாக்கியும் அதற்கேற்பப் பெரிதாக்கப்பட்டது. 90க்கும் மேற்பட்ட நாடுகள் இதைப் பயன்படுத்தின. 1982 போக்லாந்துப் போரில் பிரித்தானியர், அர்கெந்தீனர் ஆகிய இரு தரப்பாரும் இதன் வகைகளையே ஏந்தியிருந்தனர்.

வடிவமைப்பும் பராமரிப்பும்

துப்பாக்கியை இயக்கும் வாயுவே அதில் கரியையும் படியச் செய்கிறது. ஆகவே இவ்வகைத் துப்பாக்கியின் நம்பகத்தன்மை அதைத் துப்புரவு செய்பவரின் கையில் உள்ளது. செய்விடம் இதற்கான தெளிவான விடை இருந்தது. பின்பக்க நெம்புகோலை நகர்த்தினால் ஃபால், இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியைப் போல நடுவில் மடிந்து திறக்கும். போல்ட் தாங்கியைப் பின்புறமாக உருவி எடுத்துவிடலாம். கருவி எதுவும் தேவையில்லை. துப்புரவுக் கோலைப் பின்புறமிருந்தே குழலுக்குள் செலுத்தலாம். அமெரிக்கரின் எம்1 கேரண்டில் கோலை வாய்ப்புறமாகத்தான் செலுத்த முடியும். கவனமின்றிச் செய்தால் குழல் வாயின் மரைகள் தேய்ந்து குறி தவறும்.

கழற்றுமுன் மேகசினை அகற்றிவிட்டு, போல்ட்டைப் பின்னிழுத்துத் தோட்டா அறை வெறுமையாக உள்ளதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இவ்வரிசை மாறக்கூடாது. மேகசின் இருக்கும்போதே போல்ட்டை இழுத்துவிட்டால் புதிய தோட்டா ஒன்று ஏறிவிடும்.

குழலை எண்ணெய் தோய்ந்த துணியாலும் பின்னர் உலர்ந்த துணியாலும் துடைத்து, இறுதியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுவர். சுடுவதற்கு முன் அப்பூச்சையும் துடைத்துவிட வேண்டும். பிஸ்டனும் அதன் உருளையும் உலர்வாகவே இருக்க வேண்டும் என்பது படைகளில் கற்பிக்கப்பட்ட விதி. அங்குள்ள எண்ணெய் வெந்து மேலும் கரியாகிவிடும். எண்ணெய் அதிகமானால் நல்லது என்று புதியவர்கள் நினைப்பது இயல்பே. எஃப்.என். 49 போன்றவற்றில் பழைய தோட்டாக்களைச் சுட்டால் குழலில் ஒருவகை உப்பு படியும். அது ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. முதலில் வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, பிறகே எண்ணெய் இட வேண்டும்.

ஃபாலின் சிறப்பான உறுப்பு வாயுச் சீராக்கி. இதைத் திருகிப் பிஸ்டனுக்குச் செல்லும் வாயுவைக் கூட்டலாம், குறைக்கலாம். கரி படிந்து போல்ட் முழுதும் பின்செல்லாதபோது வீரர் வாயுவைக் கூட்டிச் சுடுவதைத் தொடரலாம். தேவைக்கு மேல் கூட்டினால் அதிர்வு மிகுந்து உறுப்புகள் விரைவில் தேயும். முன்னுள்ள வாயு அடைப்பானை எறிகுண்டு ஏவும் நிலையில் திருப்பிப் பூட்டிவிட்டால் வாயு பிஸ்டனை அடையாது. முதல் தோட்டா வெடிக்கும். அடுத்தது தானாக ஏறாது. பழுது என்று கொண்டுவரப்படும் துப்பாக்கியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மணல் இத்துப்பாக்கியின் பகை. இசுரேலியப் படைகள் பாலைவனத்தில் அடைந்த இடர்களே பின்னர் அவர்கள் கலீல் துப்பாக்கியை நாடியதற்கு ஒரு காரணம். பிரித்தானியர் தம் துப்பாக்கிகளின் போல்ட் தாங்கியில் மணல் ஒதுங்கப் பள்ளங்கள் வெட்டினர்.

இந்தியாவில்

1962 சீனப் போரில் இந்திய வீரர்கள் பெரும்பாலும் .303 துப்பாக்கிகளுடனேயே போரிட்டனர். அதன் பின்னர் இச்சாப்பூரில் ஃபாலைத் தழுவிய 1ஏ1 துப்பாக்கி தயாரிக்கப்பட்டது. 1971 வங்கதேசப் போரில் படையினரின் முதன்மைத் துப்பாக்கி இதுவே. 1990களில் இன்சாசு வந்தபின் இராணுவத்தில் இதன் இடம் குறைந்தது. அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் இந்தியச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட வகையில் வருவதால் பொதுமக்களுக்குப் பொதுவாக உரிமம் கிடைப்பதில்லை.

இறுதிக் காலம்

ஃபாலைப் பல நாடுகள் ஏற்கத் தொடங்கிய 1954ஆம் ஆண்டில் செய்வ் எஃப்.என். பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1970 அக்டோபர் 12ஆம் நாள், தமது 82ஆம் அகவையில் காலமானார்.