இருட்டில் தெரிந்த மங்கல் வெளிச்சம்: யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

கடலூர் சில்வர் பீச்சில் நின்னு பார்த்தா கடல் நீலம். அதே தண்ணீரைக் கையில் அள்ளினா நிறமே இல்லை. வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. தண்ணீர் சிவப்பை உறிஞ்சிவிடும். அதன் மூலக்கூறுகள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். இந்தச் சிதறலைத் துரத்திப் போனவர்தான் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை, சென்னையில் படித்துவிட்டு 1920-ல் கல்கத்தா போனார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வர அப்போது இன்னும் 9 வருஷம் இருந்தது. 1923-ல் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

ரேடியோ அலையில் இருந்து காமா கதிர் வரை எல்லாமே மின்காந்த அலைதான். அதில் நம்ம கண்ணுக்குத் தெரிவது சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான சின்னத் துண்டு. ஒளி ஒரு மூலக்கூறில் பட்டுச் சிதறினால் நிறம் மாறுமா? இதுதான் அன்றைய கேள்வி.

1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் செய்த சோதனை ரொம்ப சிம்பிள். சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார். பார்க்கும் பக்கம், ஊதாவை அடைத்துவிடும் பச்சை வடிகட்டி. நிறம் மாறாவிட்டால் எதுவுமே தெரியக் கூடாது. ஆனால் மங்கலாக வெளிச்சம் தெரிந்தது!

அதே மங்கலை அந்த ஆய்வகத்தில் சில வருஷம் முன்பே பார்த்திருந்தார்கள். திரவத்தில் இருக்கும் அழுக்கின் வேலை என்று நினைத்தார்கள். அதனால்தான் கிருஷ்ணன் திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தப்படுத்திய திரவங்களை எடுத்தார். ஒன்றிரண்டு இல்லை, சுமார் 60 திரவங்கள். எல்லாவற்றிலும் அந்த வெளிச்சம் இருந்தது.

காரணம்? அணுக்கள் பிணைந்ததுதான் மூலக்கூறு. அந்தப் பிணைப்புகள் ஸ்பிரிங் மாதிரி அதிரும். மோதும் ஒளித்துகள்களில் கோடியில் ஒன்றிரண்டு, அந்த அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு வேறு நிறத்தில் வெளியேறும். ஒவ்வொரு பொருளுக்கும் இந்த மாற்றம் வேறுவேறு, கைரேகை மாதிரி. மருந்து ஆலைகளில் மூலப்பொருளைச் சோதிக்க இன்றைக்கும் இதே வழிதான் உதவுகிறது.

நேச்சர் இதழில் முதல் அறிவிப்பு ராமன், கிருஷ்ணன் என இரண்டு பேர் பெயரிலும் வந்தது. விளைவுக்கு வைத்த பெயர் ராமன் விளைவு. 1930 நோபல் பரிசும் ராமன் ஒருவருக்கே. கேள்வியும் வழிநடத்தலும் ராமனுடையவை என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் நாள்கணக்கில் இருட்டில் கண்ணைப் பழக்கி உட்கார்ந்திருந்தவரின் பெயர் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூடப் பெறாமல் போவது நியாயமாகப் படவில்லை.

1928 கடைசியில் கிருஷ்ணன் டாக்கா போனார். ஒளியை விட்டுவிட்டு, படிகங்களின் காந்தத்தன்மையில் இறங்கினார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். 1958-ல் பட்நாகர் விருதை முதலில் வாங்கியவரும் இவர்தான். 1961 ஜூன் 14-ல் காலமானார்.