கதையே ரெடி ஆகல, ஆனா விளம்பரம் வந்தாச்சு! யார் இந்த எஸ்.எஸ்.வாசன்?

படத்துக்குப் பேர் வைத்தாகிவிட்டது. விளம்பரமும் போயாச்சு. ஊரெல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது கதை மட்டும்தான்.

1943-ல் 'மங்கம்மா சபதம்' ஓடு ஓடென்று ஓடிய பிறகு சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் நடந்த சங்கதி இது. அடுத்த படம் இதைவிடப் பிரம்மாண்டமாக இருக்கணும், செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று ஸ்டுடியோ முதலாளி முடிவெடுத்தார். சம்பளத்துக்கு இருந்த எழுத்தாளர்கள் ஒரு கதை சொன்னார்கள். சந்திரலேகா என்ற துணிச்சலான பெண், ஒரு கொள்ளைக்காரனை ஏமாற்றி, அவன் மூக்கை அறுத்து, அந்தக் காயத்தில் மிளகாய்ப் பொடியையும் போடுகிறாள். முதலாளி முகம் சுளித்தார். கதை வேண்டாம், அந்தப் பேர் மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த படம் 'சந்திரலேகா' என்று விளம்பரமும் கொடுத்துவிட்டார்.

அந்த முதலாளிதான் எஸ்.எஸ்.வாசன். ஆனந்த விகடனை வளர்த்தவர், ஜெமினி ஸ்டுடியோவின் அதிபர், இயக்குநர், மாநிலங்களவை உறுப்பினர் என்று அவருக்கு நிறைய அடையாளங்கள் உண்டு. ஆனால் அவர் முதலில் செய்த தொழில் விளம்பரம். பிறகு எந்தத் தொழிலுக்குப் போனாலும் அந்தப் புத்தி அவரை விட்டுப் போகவே இல்லை.

திருத்துறைப்பூண்டி டூ மெட்ராஸ்

வாசனின் முழுப் பெயர் திருத்துறைப்பூண்டி சுப்பிரமணியன் சீனிவாசன். பழைய தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த திருத்துறைப்பூண்டிதான் சொந்த ஊர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா வாலாம்பாள்தான் கஷ்டப்பட்டு வளர்த்தார், மெட்ராஸுக்குக் கூட்டி வந்து படிக்க வைத்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த வாசன் படிப்பை முடிக்கவில்லை. சம்பாதிக்க வேண்டிய கட்டாயம்.

அவர் பிடித்த வேலை, பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுப்பது. கடைக்காரர்களைப் பார்த்துப் பேசணும், வாசகத்தை எழுதித் தரணும், பத்திரிகையில் இடம் வாங்கணும், கமிஷன் எடுத்துக்கணும். இன்றைக்கு ஒரு ஏஜென்சியில் நாலு டிபார்ட்மென்ட் பார்க்கிற வேலையை அவர் ஒரே ஆளாகப் பார்த்தார். உலகின் பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்றான ஜே.வால்டர் தாம்சன் பம்பாயில் அலுவலகம் திறந்ததே 1929-ல்தான். வாசன் அதற்கு முன்பே மெட்ராஸில் விளம்பரத்துக்காக அலைந்துகொண்டிருந்தார்.

கூடவே தபால் வியாபாரமும் செய்தார். பத்திரிகையில் விளம்பரம் வரும், படித்தவர் ஒரு கார்டு போடுவார், பொருள் வி.பி.பி.யில் வீட்டுக்கு வரும், தபால்காரரிடம் காசைக் கொடுத்து வாங்கிக்கலாம். வந்தவாசிக்குப் பக்கத்தில் தெள்ளார் மாதிரி ஒரு ஊரில் இருப்பவர்கூட மெட்ராஸ் கடையைக் கண்ணால் பார்க்காமலே வாங்க முடியும். இப்போதைய ஆன்லைன் ஷாப்பிங்கின் கொள்ளுத்தாத்தா என்று வச்சுக்கலாம். பொருளையும் காட்ட முடியாது, விற்பவர் முகத்தையும் காட்ட முடியாது. நாலு வரி எழுத்தை நம்பித்தான் ஒருத்தர் காசு கொடுக்கணும். அந்த நாலு வரியை எழுதிப் பழகிய கை வாசனுடையது.

எழுத்துக்கு 25 ரூபாய்

பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் ஆரம்பித்த மாத இதழ் ஆனந்த விகடன். அவரால் தொடர்ந்து நடத்த முடியவில்லை. விளம்பர விஷயமாகத் தொடர்பில் இருந்த வாசன் 1928-ல் அதை வாங்கினார். விலை 200 ரூபாய். 'ஆனந்த விகடன்' என்ற பெயரில் 8 எழுத்து, எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததாக இன்றுவரை சொல்லப்படுகிறது. ஒரு பெயருக்கு என்ன மதிப்பு என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

நகைச்சுவையை முன்னால் வைத்தார். கார்ட்டூனுக்கு மாலி, எழுத்துக்கு கல்கி கிருஷ்ணமூர்த்தி, பிறகு தேவன், ராஜு, கோபுலு, சில்பி என்று ஆட்களைத் தேடிப் பிடித்தார். பரிசுத் தொகையோடு குறுக்கெழுத்துப் போட்டி நடத்தினார். இதெல்லாம் சூதாட்டம் என்று திட்டியவர்களும் உண்டு. மாத இதழாக இருந்தது வார இதழானது. தானும் எழுதினார். அவர் எழுதிய 'சதிலீலாவதி' தொடர் 1936-ல் படமாக வந்தது. எம்.ஜி.ஆர். என்ற புதுமுகம் அதில் ஒரு சின்ன வேடத்தில் வந்தார்.

விகடன் செய்ததிலேயே இன்றைக்கும் மார்க்கெட்டிங் ஆட்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம் 'தியாக பூமி'. 1939-ல் கல்கி அந்தக் கதையைத் தொடராக எழுத, அதே சமயத்தில் கே.சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்தார். தொடருக்கு ஓவியம் வரையவில்லை. படத்தின் ஸ்டில்களையே போட்டார்கள். படிக்கிறவர் வாராவாரம் படத்தைப் பார்க்கிறார், படம் பார்க்கப் போகிறவருக்குக் கதை மேல் ஏற்கெனவே பிரியம். பத்திரிகைக்குப் படம் விளம்பரம், படத்துக்குப் பத்திரிகை விளம்பரம். இரண்டு பேரும் மற்றவருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை!

ஆனால் திறமைசாலிகளைச் சேர்ப்பது வேறு, வச்சுக் காப்பாற்றுவது வேறு. சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறைக்குப் போகணும் என்று கல்கி நின்றபோது இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கல்கி வெளியேறினார். விகடனில் விளம்பரப் பிரிவைக் கவனித்த டி.சதாசிவத்தோடு சேர்ந்து 1941-ல் 'கல்கி' பத்திரிகையை ஆரம்பித்தார். சிறந்த எழுத்தாளரும் விளம்பரம் தெரிந்த ஆளும் ஒன்றாகப் போய் எதிர்க்கடை போட்டுவிட்டார்கள். ஏஜென்சி நடத்துகிற எந்த முதலாளிக்கும் இதைவிடப் பெரிய கெட்ட கனவு கிடையாது. வாசன் ஓய்ந்துவிடவில்லை. பொறுப்பு தேவனிடம் போனது, விகடனும் வளர்ந்துகொண்டே இருந்தது.

கவிஞர்களுக்கு மாசச் சம்பளம்

மவுண்ட் ரோட்டில் கே.சுப்பிரமணியத்தின் ஸ்டுடியோ தீ விபத்தில் சிக்கி ஏலத்துக்கு வந்தது. வாசன் அதை வாங்கி, 1940-ல் ஜெமினி ஸ்டுடியோ ஆக்கினார். ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் சின்னம் வந்தது. குதிரைப் பந்தயத்தில் வாசனுக்கு ஈடுபாடு அதிகம், தன் குதிரையின் பேரைத்தான் ஸ்டுடியோவுக்கு வைத்தார் என்றும் சொல்வார்கள்.

இங்கேதான் கதை இலாகா வருகிறது. கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே.மகாதேவன், சங்கு சுப்ரமணியம், நைனா, வேப்பத்தூர் கிட்டு. எல்லோருக்கும் மாசச் சம்பளம். வேலை என்னன்னா, கதை யோசிப்பது, பேசுவது, மறுபடி யோசிப்பது. ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் இருந்த முறைதான். ஆனாலும், எழுதுகிறவரையும் வரைகிறவரையும் ஒரே அறையில் உட்கார வைத்து விளம்பரத்தை யோசிக்கச் சொல்லி நியூயார்க்கில் பில் பெர்ன்பாக் பேர் வாங்கியது 1949-க்குப் பிறகு. மவுண்ட் ரோட்டில் ஐந்து பேர் அதற்கு முன்பே ஒன்றாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த உலகம் எப்படி இருந்தது என்பது நமக்குத் தெரிய முக்கியக் காரணம் அசோகமித்திரன். 1952 முதல் 1966 வரை ஜெமினியில் வேலை பார்த்தவர். பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலைகளில் ஒன்று. பிறகு அந்த நாட்களை ஆங்கிலத்தில் எழுதினார். சிபிஎஸ்இ 12-ம் வகுப்பு படித்தவர்களுக்கு அதன் ஒரு பகுதி பாடமாகவே தெரிந்திருக்கும். அவர் காட்டும் சுப்பு சுவாரஸ்யமான ஆள். முதலாளிக்கு ஒரு காட்சி பிடிக்கவில்லை என்றால், அதை எடுக்க வேறு வழிகளை அந்த இடத்திலேயே வரிசையாக அடுக்குவார். முதலாளிக்கு அடுத்த இடம் அவருக்கு. அதனாலேயே அவர் மேல் மற்றவர்களுக்குப் பொறாமையும் இருந்தது. கதை இலாகாவை மூடியபோது, அதிலேயே கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்த வக்கீலுக்கும் வேலை போனதை அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். கவிஞர்களும் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

சம்பளம் நிரந்தரம், மரியாதை உண்டு. ஆனால் கடைசி முடிவு முதலாளியுடையது. இந்த ஏற்பாட்டில் சுகமாக இருந்தவர்களும் உண்டு, புழுங்கியவர்களும் உண்டு. சுப்பு சுகமாக இருந்த ரகம் என்றுதான் தோன்றுகிறது. பின்னாளில் 'கலைமணி' என்ற பேரில் விகடனிலேயே 'தில்லானா மோகனாம்பாள்' எழுதினார்.

சரி, சந்திரலேகாவுக்கு வருவோம்

விளம்பரம் வந்து மூணு மாசம் ஓடிப்போச்சு. கதை வரவில்லை. வாசன் பொறுமை இழந்தார். இதை ஓரமாக வைத்துவிட்டு 'ஔவையார்' எடுக்கப் போகிறேன் என்றார். இன்னும் ஒரு வாரம் டைம் கிடைத்தது. அப்போது ரெய்னால்ட்ஸ் எழுதிய 'ராபர்ட் மக்கேர்' என்ற ஆங்கில நாவல் கிட்டு கையில் சிக்கியது. ராத்திரி நேரம், ஒரு கோச் வண்டியைக் கொள்ளைக்காரர்கள் மறிக்கிறார்கள், உள்ளே ஒரு பெண். இந்த ஒரு காட்சி போதுமானதாக இருந்தது. அதிலிருந்து இரண்டு இளவரசர்கள், ஒரு நாட்டியக்காரி என்று கதை விரிந்தது.

விரிந்துகொண்டே போனதுதான் பிரச்சினை. இயக்கிக்கொண்டிருந்த ஆச்சார்யா கருத்து வேறுபாட்டில் விலகினார். வாசனே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார், முதல் முறையாக. கதையில் சர்க்கஸ் வந்தது. முரசு நடனம் என்ற ஒரு காட்சிக்கு மட்டும் 400 நடனக் கலைஞர்கள், பல மாச ஒத்திகை, 5 லட்சம் ரூபாய் செலவு. மொத்தப் படத்துக்கும் 30 லட்சம். 1940-களின் 30 லட்சம்! சொத்துகளை அடமானம் வைக்கும் நிலைக்கு வந்தார் வாசன்.

ஒரு பேரை விளம்பரம் செய்தது எவ்வளவு பெரிய கடன் என்று இந்த இடத்தில்தான் புரியும். ஊருக்குப் பிரம்மாண்டம் என்று சொல்லியாச்சு. சின்னதாக எடுத்து ஒப்பேற்ற முடியாது. அந்தக் கடனை எழுத்தாளர்கள் தூக்கத்தால் அடைத்தார்கள், வாசன் சொத்தால் அடைத்தார். நிறைய முதலாளிகள் முதல் பாதியை மட்டும் செய்வார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1948 ஏப்ரல் 9-ம் தேதி தென்னிந்தியாவில் ஒரே நேரத்தில் 40-க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் படம் வந்தது. கூட்டம் அம்மியது. ஆனாலும் போட்ட காசு தமிழில் மட்டும் திரும்பவில்லை. வேறு யாராக இருந்தாலும் தலையில் துண்டு போட்டிருப்பார்கள். வாசன் இந்தியில் எடுத்தார். சில காட்சிகளை மாற்றி, மறுபடி படமாக்கி, அதே வருஷம் டிசம்பர் 24-ல் வெளியிட்டார். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள், போஸ்டர்கள், புத்தகங்கள். மெட்ராஸில் எடுத்த படத்தை வடக்கே யாரும் பெரிதாகச் சீண்டாத காலம் அது. இந்திச் சந்திரலேகா அங்கே பெரும் வெற்றி பெற்றது. இன்றைக்கு பான் இந்தியா என்று ஆளாளுக்குப் பேசுகிறோமே, அந்தப் பாதையில் முதலில் பெரிதாக ஜெயித்தவர் வாசன்.

கிண்டலுக்கும் காசு

ஜெமினியில் 1947-ல் வந்த 'மிஸ் மாலினி'க்குக் கதை ஆர்.கே.நாராயண். அந்த ஸ்டுடியோ அனுபவத்தின் சாயலோடு அவர் 1949-ல் 'மிஸ்டர் சம்பத்' நாவலை எழுதினார். சினிமா எடுப்பவர்களை, வாயாலேயே வியாபாரம் செய்பவர்களை நன்றாகக் கிண்டல் செய்யும் நாவல். அதை 1952-ல் இந்தியில் படமாக எடுத்தவர் யார் தெரியுமா? வாசனேதான். இயக்கமும் அவரே.

'மிஸ் மாலினி'யில் சின்ன வேடத்தில் அறிமுகமான, ஸ்டுடியோவில் நடிகர் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்த கணேசன் என்ற இளைஞர், பிறகு ஸ்டுடியோ பேரையே தன் பேரோடு ஒட்டிக்கொண்டார். அவர்தான் ஜெமினி கணேசன்.

அந்தரத்தில் நின்ற 'ஔவையார்' கே.பி.சுந்தராம்பாள் நடிக்க, சுப்பு இயக்கத்தில் 1953-ல் வந்தது. 1958-ல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்', அதில் பத்மினி - வைஜயந்திமாலா நடனப் போட்டி. 1960-ல் 'இரும்புத்திரை'. அதன்பின் ஸ்டுடியோ முறையே தேய ஆரம்பித்தது. மாசச் சம்பளத்துக்குக் கலைஞர்களை வைத்துப் படம் எடுக்கும் காலம் முடிந்து, நட்சத்திரங்களைச் சுற்றிப் படம் ஓடும் காலம் வந்துவிட்டது. விகடன் ஓவியர் கோபுலுகூட 1960-களில் விளம்பரத் துறைக்கே போய்விட்டார்.

வாசன் 1964-ல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். 1969-ல் பத்மபூஷண் விருது வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 26-ம் தேதி காலமானார். 2004-ல் அவர் நினைவாகத் தபால்தலை வெளியானது. விகடன் பொறுப்பை மகன் எஸ்.பாலசுப்ரமணியன் ஏற்றார்.

ஸ்டுடியோ நிலைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஹோட்டலும் கட்டடங்களும் நிற்கின்றன. பக்கத்தில் 1973-ல் சென்னையின் முதல் மேம்பாலம் திறக்கப்பட்டது. அரசு வைத்த பேர் அண்ணா மேம்பாலம். ஆட்டோவில் ஏறி அந்தப் பேரைச் சொன்னால், டிரைவர் அநேகமாக ஜெமினியா என்று திருப்பிக் கேட்பார்.