வால்ட்டர் பர்லி கிரிஃபின்

வால்ட்டர் பர்லி கிரிஃபின் (நவம்பர் 24, 1876 - பெப்ரவரி 11, 1937) ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பராவைத் திட்டமிட்ட கட்டிடக் கலைஞரும் நகர வடிவமைப்பாளரும் ஆவார். அமெரிக்காவில் பிறந்த இவர், தனது தொழில் வாழ்வின் பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவில் கழித்து, இந்தியாவில் காலமானார்.

தொடக்க காலம்

இலினொய் மாநிலத்தின் மேவுட் என்னும் ஊரில் பிறந்த கிரிஃபின், இலினொய் பல்கலைக்கழகத்தில் 1899 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1901 முதல் 1906 வரை பிராங்க் லாய்ட் ரைட்டின் அலுவலகத்தில் பணியாற்றினார். அங்கு பணிபுரிந்த கட்டிடக் கலைஞரான மரியன் மகோனியை 1911 இல் மணந்தார்.

கான்பரா

சிட்னி, மெல்பேர்ண் ஆகிய இரு நகரங்களும் தலைநகராக விரும்பியதால், புதிய நகரொன்றை அமைப்பதென ஆஸ்திரேலியா முடிவு செய்தது. இதற்கான பன்னாட்டுப் போட்டிக்கு 137 திட்டங்கள் வந்தன. 1912 மே மாதத்தில் கிரிஃபினின் திட்டம் முதற் பரிசு பெற்றது. அப்போது அவர் அந்நாட்டைக் கண்டதே இல்லை. மரியன் வரைந்த படங்கள் இவ்வெற்றிக்குப் பெரிதும் உதவின எனலாம்.

ஐன்சிலி மலையிலிருந்து கப்பிட்டல் குன்றை நோக்கிச் செல்லும் நில அச்சும், அதனைச் செங்குத்தாக வெட்டும் நீர் அச்சும் இத்திட்டத்தின் அடிப்படை ஆகும். நீர் அச்சுக்காக மொலோங்லோ ஆற்றை மறித்து ஏரி அமைக்கப்படவிருந்தது. மலைகளைத் தடையாகக் கருதாது, அவற்றையே வீதிகளின் முடிவில் தோன்றும் காட்சிகளாக அவர் பயன்படுத்தினார்.

ஆனால் அரசுத் துறைக் குழுவொன்று வேறொரு திட்டத்தைத் தயாரித்தது. 1913 இல் ஆட்சி மாறிய பின்னரே கிரிஃபின் தலைநகரின் வடிவமைப்பு, கட்டுமானப் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார். அதிகாரிகளுடனான பிணக்கு அதன் பின்னும் தீரவில்லை. முதலாம் உலகப் போரினால் பணமும் குறைந்தது. 1917 இல் அரச ஆணைக்குழு, அதிகாரிகள் அவரது பணிக்கு இடையூறு செய்ததை உறுதிப்படுத்தியபோதும் நிலைமை மாறவில்லை. 1920 இறுதியில் அவரது பதவி முடிவுக்கு வந்தது. புதிய ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருக்க அவர் மறுத்துவிட்டார். அவர் வடிவமைத்தவற்றுள் கான்பராவில் நிலைத்துள்ள ஒரே கட்டுமானம், டன்ட்ரூனில் உள்ள ஜெனரல் பிரிட்ஜஸின் கல்லறை மட்டுமே.

பிற்காலம்

மெல்பேர்ணில் நியூமன் கல்லூரி, கப்பிட்டல் திரையரங்கு ஆகியவற்றை இவர் வடிவமைத்தார். 1921 முதல் சிட்னியின் காசில்கிராக் பகுதியில், பாறைகளையும் மரங்களையும் அழிக்காது, நிலத்தின் சரிவுக்கு ஏற்ப வீதிகளும் கல்வீடுகளும் அமைத்தார். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது குப்பை எரிக்கும் உலைகளுக்கான கட்டிடங்களே அவருக்கு முக்கிய வேலையாக இருந்தன. அவற்றையும் அவர் கலைநயத்துடனேயே வடிவமைத்தார்.

லக்னோ பல்கலைக்கழக நூலகத்தை வடிவமைக்க 1935 இல் இந்தியா சென்றார். அங்கு பயனியர் செய்தித்தாளின் கட்டிடம் உட்படப் பல பணிகள் கிடைத்தன. ஆயினும் பித்தப்பை அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து லக்னோவிலேயே காலமானார்.

அவர் திட்டமிட்ட ஏரி 1964 இல் நீர் நிரம்பியது. அதற்கு பர்லி கிரிஃபின் ஏரி என அவரது பெயரே சூட்டப்பட்டுள்ளது. லக்னோவில் உள்ள அவரது கல்லறைக்கு 1988 இல்தான் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது.