அரிசி ஷோகன்

ஜப்பானை ஆண்ட தொகுகாவா வம்சத்து எட்டாவது ஷோகன் யோஷிமுனே 1684ல் பிறந்து, 1716ல் அதிகாரம் ஏற்றார். சாமுராய்கள் சம்பளமாகப் பெற்ற அரிசியை விற்றே ஜீவித்த காலம் அது. விலை வீழ்ந்தால் அவர்கள் கடனாளிகளாயினர். விலையை உயர்த்தக் கருதியே, ஓசாகா நகரத்துத் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730ல் அவர் அங்கீகாரம் அளித்தார். அங்கே மூட்டை கைமாறாமலே, பின்தவணை அரிசி கணக்கேட்டில் விற்று வாங்கப்பட்டு, முடிவில் விலை வித்தியாசம் மட்டும் தீர்க்கப்பட்டது.

1732ல் மேற்கு ஜப்பானில் பூச்சிகள் பயிரை அழிக்கவே, பஞ்சம் தோன்றி விலை ஏறிற்று. மறு ஆண்டு ஈடோ நகரத்து ஏழைகள் பெரிய அரிசி வியாபாரி ஒருவரின் வீட்டைத் தகர்த்தனர். 1745ல் பதவி துறந்து, 1751ல் மறைந்த அவரைச் சரித்திரம் அரிசி ஷோகன் என்றே அழைக்கிறது. விற்போர் பொருட்டு உணவின் விலையை உயர்த்த முயலும் அரசு, உண்போரை மறக்குமாயின், பஞ்ச நாளில் அவர்களுக்கே பதில் சொல்ல நேரும்.